இலங்கைப் பெந்தெகொஸ்தே மிசன்: தோற்றமும் வளர்ச்சியும்

இலங்கையிற் கிறிஸ்தவம் பரவிய வரலாறு பொதுவாக மூன்று அந்நிய ஆட்சிகளின் வரலாற்றோடு இணைத்தே கூறப்படும். போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கமும், ஒல்லாந்தரோடு சீர்திருத்தத் திருச்சபையும், ஆங்கிலேயர் காலத்தில் அங்கிலிக்கம், மெதடிஸ்தம் முதலியனவும் வந்தன என்பதே அதன் சுருக்கம். இந்த வாய்பாட்டுள் அடங்காத சபையொன்று 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பிலே தோன்றியது. அதனை நிறுவியவர் ஐரோப்பியர் அல்லர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த மலையாளி ஒருவரால் தொடங்கப்பட்டு, இங்கிருந்து இந்தியாவுக்கும் அப்பாலும் பரவிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிசனின் வரலாறு, ஒரு சமயம் புதிய மண்ணில் வேரூன்றுவது எவ்வாறு என்னும் வினாவை நம்முன் வைக்கின்றது.

பெந்தெகொஸ்தே என்பது 'ஐம்பதாவது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். பாஸ்காவை அடுத்து வந்த ஐம்பதாம் நாளிலே சீடர்மீது தூய ஆவி இறங்கிற்று என்றும், அவர்கள் பல்வேறு மொழிகளிற் பேசினர் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அவ்வனுபவம் எக்காலத்தவர்க்கும் உரியது என்பதே பெந்தெகொஸ்தே இயக்கத்தின் அடிப்படைக் கொள்கை. 1906 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா வீதியில், அடிமைகளாயிருந்து விடுதலைபெற்ற பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்தே இவ்வியக்கத்தின் வரலாற்றைத் தொடங்குதல் வழக்கம். ஆயின், அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1860 இல், திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் என்னும் தமிழ்ப் போதகரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதலிலே அன்னிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் நிகழ்ந்தனவாகப் பதிவுகள் உள. எனவே இவ்வியக்கத்தை முற்றும் அமெரிக்க இறக்குமதி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

மிசனை நிறுவியவரின் இயற்பெயர் இராமன்குட்டி. 1881 இல், இன்றைய கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஏங்கண்டியூரில் இந்துக் குடும்பமொன்றிற் பிறந்தார். பதினான்கு வயதளவில் இலங்கைக்கு வந்து மருத்துவர் ஒருவரின் இல்லத்திற் பணியாளராக அமர்ந்தார் என்றும், 1899 இல், பதினெட்டாம் வயதில், கிறிஸ்தவரானார் என்றும் சபை மரபு கூறும். பவுல் என்னும் பெயர்பூண்ட அவர், உபதேசியாராகப் பணியாற்றிய பின்னரே பெந்தெகொஸ்தே அனுபவத்தின்பால் ஈர்க்கப்பட்டார்.

1920களின் தொடக்கத்திலே கொழும்பில் இவ்வியக்கத்துக்கு இடமளித்தோர் இருவர். ஒருவர், நாடக நடிகையாக இருந்து சமயப் பணிக்கு வந்த தென்மார்க்கு நாட்டு அன்னா லெவினி. மற்றவர் ஆங்கிலேயரான வோல்டர் கிளிபர்ட். இவர்களின் பணியே பின்னர் அசெம்பிளீஸ் ஒவ் கோட் சபையாக வளர்ந்தது. பவுலும், ஆங்கிலக் கல்வி பெற்ற சிங்களவரான அல்வின் டி அல்விசும் தனிவழி சென்றனர். மிசனின் தொடக்க ஆண்டு 1921 முதல் 1924 வரை வெவ்வேறாகக் குறிக்கப்படுகின்றது. மலையாளப் பணியாளராக வந்தவரும் கற்ற சிங்களவரும் ஒரே தலைமையில் இணைந்தமை சிறு செய்தியன்று. 1930களிற் கொழும்புத் தொழிலாளர் அரசியலிலே மலையாளிகளுக்கு எதிரான உணர்ச்சி ஓங்கியிருந்தமையை நினைவிற் கொண்டால் இதன் பொருள் நன்கு விளங்கும்.

புதிய சபையின் உயிர்நிலை 'விசுவாச வீடு' ஆகும். முழுநேர ஊழியர்கள், ஆண்களும் பெண்களும், மணவாழ்வு துறந்து, உடைமையைப் பொதுவாக்கி, வெண்ணிற உடை தரித்து, அங்கே கூடி வாழ்ந்தனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. விசுவாசிகள் நகை அணிவதில்லை. ஆதித் திருச்சபையினர் யாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்ற வேதாகமக் கூற்றே இவ்வாழ்வுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆயினும், பிக்குவையும் துறவியையும் வணங்கிப் பழகிய ஒரு சமுதாயத்தில், சம்பளமும் பங்களாவும் உடைய மிசனரியைவிட, ஒன்றுமில்லாது வந்து நிற்கும் வெள்ளுடை ஊழியரே சமயத் தலைவர்க்குரிய இலக்கணத்தோடு கூடியவராகத் தோன்றியிருத்தல் இயல்பு. கிறிஸ்தவ மறையின் சொற்களால் நியாயப்படுத்தப்பட்ட இவ்வாழ்முறை, மண்ணின் துறவு மரபோடு இசைந்து நின்றது.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு மேலும் துலங்கும். 1816 இல் வந்த அம்மிசன் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. 1841 இல் உதயதாரகையை வெளியிட்டது. மருத்துவர் கிறீனைக் கொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தது. கல்வியையும் உத்தியோகத்தையும் நாடிச் சென்றோர் பலர் சைவராகவே திரும்பினர். பெந்தெகொஸ்தே மிசனோ கல்லூரியையும் வைத்தியசாலையையும் தன் வழியாகக் கொள்ளவில்லை. உலகியல் நன்மை எதனையும் முன்வைக்காத சபையொன்று வளர்ந்தது எனின், அதன் காரணத்தை அது வழங்கிய கூட்டுவாழ்விலும், பிணிநீக்க நம்பிக்கையிலும், சாதியும் கல்வியும் குறைந்தோரும் எழுந்து சாட்சி கூறத்தக்க வழிபாட்டிலுமே தேடவேண்டும்.

மிசன் விரைவிலேயே பாக்குநீரிணையைக் கடந்து தூத்துக்குடி வழியாகத் தமிழகத்திலும், பின்னர் கேரளத்திலும் காலூன்றிற்று. அமெரிக்க மிசனரியான றொபேட் குக்கோடு முரண்பட்டுப் பிரிந்த கே. ஈ. ஆபிரகாமுக்கு 1930 இல் குருத்துவ அபிஷேகம் செய்தவர் பவுலே. வெளிநாட்டுக் கட்டுப்பாடற்ற சபையை நாடிய மலையாளிகளுக்குக் கொழும்பு வழிகாட்டிற்று. ஆயினும் அவ்வுறவு நிலைக்கவில்லை. ஆபிரகாம் வழிவந்தோர் இந்தியப் பெந்தெகொஸ்தே சபையைத் தனியே அமைத்து 1935 இற் பதிவு செய்தனர். துறவை உயர்நிலையாகக் கொண்ட ஒழுங்கு, இல்லறப் போதகர்களையுடைய இயக்கத்தோடு நெடுங்காலம் இணைந்திருத்தல் அரிது. மிசனுக்கு வலிமை தந்த பண்பே அதன் எல்லையையும் வகுத்தது.

இப்பண்பின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் ஆகாது. மருந்தை விலக்கி மன்றாட்டால் மட்டுமே நலம் பெறவேண்டும் என்ற போதனை, நோயுற்றோரையும் அவர்தம் உறவினரையும் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. மருத்துவர் வீட்டிற் பணிபுரிந்த ஒருவர் நிறுவிய சபை இம்முடிவுக்கு வந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இளையோர் வீடு துறந்து விசுவாச வீடு புகுதல் சபைக்கு மகிழ்ச்சி. பெற்றோர் பலருக்கு அது இழப்பு. பிற சபைகளோடு ஒட்டாத தனிமையும் கண்டனத்துக்கு இலக்காயிற்று. துறவின் பெருமையைப் பேசும் வரலாறு, துறக்கப்பட்டோரின் கணக்கையும் எழுதவேண்டும்.

பவுல் 1945 இற் காலமானார். தலைமை அல்வினிடம் சென்றது. பிற்காலத்தில் இந்தியப் பணியின் தலைமையகம் சென்னையை அடுத்த இரும்புலியூரில் அமைந்தது. 1972 இல் 'சிலோன்' என்னும் பெயரை நாடு கைவிட்டது. 1984 இல் இந்தியாவிலும் மிசன் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கியது. ஆயினும் தமிழகத்து மக்கள் வழக்கிலே அது 'சிலோன் பெந்தெகொஸ்தே' என்றே நிலவுகின்றது. சமயங்கள் யாவும் வெளியிலிருந்து இத்தீவுக்கு வந்தன என்று மட்டுமே கூறுவோர்க்கு, இத்தீவிலிருந்து புறப்பட்ட ஒன்றும் உண்டு என்பதை அப்பெயர் உணர்த்தி நிற்கின்றது.