கூட்டல் மிஷினும் ஒரு வக்கீலும்

மலர்க் குழுவினர் "ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுப்பா" என்றதும் எனக்கு ஞாபகம் வந்தவர் பெஞ்சமின் ஃபெரன்ஸ். வக்கீலைப் பற்றி எஞ்சினியருக்கு என்ன எழுத்து என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு, சொல்றேன்.

1920-ல் திரான்சில்வேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டார்கள். அப்பா செருப்புத் தைப்பவர். அங்கே அந்தத் தொழில் ஓடாமல் ஒரு குடியிருப்பில் காவல், கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். பிள்ளை ஹார்வர்டில் சட்டம் முடித்தது 1943-ல். உடனே பட்டாளம். குள்ளமான மனிதர், விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் சாதாரண சிப்பாய். நார்மண்டி, பல்ஜ் சண்டை எல்லாம் பார்த்தவர். போர் முடியும் தறுவாயில் புக்கன்வால்ட், மௌட்ஹவுசன் போன்ற வதை முகாம்களுக்குள் போய்ச் சாட்சியம் திரட்டும் வேலை கொடுத்தார்கள். போனதும் அவர் முதலில் கைப்பற்றியது முகாம் ஆபீஸின் பதிவேடுகளை!

1945 கடைசியில் சார்ஜெண்டாக ஊர் திரும்பினார். 1946 மார்ச் 31 அன்று கெர்ட்ரூடைக் கைப்பிடித்தார். போர்முனையிலிருந்து இவர் கடிதம் எழுத, அந்தப் பெண் காத்திருந்தாள். சீக்கிரமே ஜெர்மனியில் வழக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் என்று போன தம்பதி பத்து வருஷம் அங்கேயே தங்கிவிட்டார்கள். நாலு குழந்தைகளும் நூரம்பர்க்கில்தான் பிறந்தன. தன் இனத்தை அழித்த நாட்டில், குண்டு விழுந்து இடிந்து கிடந்த ஊரில், ஒரு யூதப் பெண் குடித்தனம் நடத்துவது என்றால் சும்மாவா? சைட், சைட் என்று ஓடும் நம்மைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது கொஞ்சமாவது புரியும்.

இப்போ எஞ்சினியர் சமாசாரம். பெர்லினில் இவருடைய ஆட்களிடம் ரகசிய அறிக்கைக் கோப்புகள் சிக்கின. ஐன்சாட்ஸ்குருப்பன் என்ற கொலைப் படைகள் சோவியத் பகுதிகளில் எந்த ஊரில் எத்தனை யூதர்களை, எத்தனை ஜிப்சிகளைச் சுட்டுத் தள்ளின என்று தலைமையகத்துக்கு அனுப்பிய கணக்கு. ஃபெரன்ஸ் ஒரு சின்னக் கூட்டல் மிஷினை வைத்துக்கொண்டு தட்டினார். பத்து லட்சம் தாண்டியதும் நிறுத்திவிட்டார். மேலதிகாரி டெல்ஃபோர்ட் டெய்லர், புது வழக்குக்கு ஆளில்லை என்றார். சரி, இருக்கிற வேலையோடு நானே நடத்துகிறேன் என்றார் இவர். வயது 27, வாழ்க்கையிலேயே முதல் வழக்கு! லாக் புக் ஒழுங்காக இருந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பாவிகளை அவர்கள் எழுதிய லாக் புக்கே பிடித்துக் கொடுத்தது.

அந்தப் படைகளில் சுமார் 3,000 பேர். குற்றம் சாட்டியது 24 பேர் மீது மட்டும். ஏன் தெரியுமா? கூண்டில் 24 இடம்தான் இருந்தது. 1947 செப்டம்பரில் தொடங்கிய வழக்கில் அரசுத் தரப்பு இரண்டே நாளில் வாதத்தை முடித்தது. சாட்சிகள் யாரும் இல்லை, காகிதங்கள்தான். ஒருவர் முன்பே தற்கொலை, இன்னொருவர் நோயாளி; மீதி 22 பேரும் குற்றவாளிகள் என்று 1948 ஏப்ரலில் தீர்ப்பு. மரண தண்டனை 14 பேருக்கு. தூக்கிலிட்டது நாலு பேரை. ஃபெரன்ஸ் மரண தண்டனை கேட்கவே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. அந்த 24 பேரைப் பதவியும் படிப்பும் பார்த்துத்தான் பொறுக்கினார். ராஷ் இரட்டை டாக்டர். ஓலண்டார்ஃப் சட்டமும் பொருளாதாரமும் படித்தவன். அவன் படை மட்டும் 90,000 பேரைக் கொன்றதாக அவனே ஒப்புக்கொண்டான். ஒருவன் முன்னாள் பாதிரியார். படிச்ச பிள்ளை தப்புப் பண்ணாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மலரிலும் நம் பெயர்களுக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கின்றன.

பிற்பாடு தப்பிப் பிழைத்தவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தந்தார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்று பல வருஷம் எழுதினார், பேசினார். அது 2002-ல் வந்தது. அதன் முதல் வழக்கில், 2011-ல், அரசுத் தரப்பின் முடிவுரையில் ஒரு பகுதியைப் பேசியது 91 வயது ஃபெரன்ஸ்!

இத்தனை வருஷத்தில் மனைவியோடு சண்டையே வந்ததில்லை என்பார். இதை என் வீட்டில் சொன்னேன். "அந்த அம்மா அப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். 73 வருஷ தாம்பத்தியத்துக்குப் பின் 2019-ல் கெர்ட்ரூட் காலமானார். அப்போது இவருக்கு 99. அதற்கப்புறமும் ஓயவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் பேட்டி கொடுத்தார். 2023 ஏப்ரல் 7 அன்று, 103 வயதில், ஃப்ளோரிடாவில் காலமானார். நூரம்பர்க் அரசுத் தரப்பு வக்கீல்களில் மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர்தான்.