ஸ்டாபிலோகாக்கஸின் புரோட்டியேஸ் நொதிகள்

வேனற்கட்டி, சீழ்க்கொப்புளம், ஆறாத புண் இவற்றில் பெரும்பாலும் தென்படும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, தன் செல்லுக்கு வெளியே சுரந்துவிடும் புரதம் வெட்டும் நொதிகள்.

பாக்டீரியாவின் புரோட்டியேஸ் நோய்க்கு மட்டும் உரியதல்ல; காஞ்சிபுரம் போன்ற பட்டூர்களுக்கும் பயன்படக்கூடிய பொருள்தான். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு செரிசின் என்னும் பசைப்புரதம். சாயம் ஏற்றுமுன் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சி அதை நீக்குவது பழைய முறை. பாசில்லஸ் பாக்டீரியாவின் புரோட்டியேஸைக் கொண்டும் நீக்கலாம். பசை கரையும், பட்டின் இழைப்புரதமான ஃபைப்ராயின் நிற்கும். எந்தப் புரதத்தை வெட்டுவது, எதை விடுவது என்ற இந்தத் தேர்வே நோயிலும் முக்கியம்.

1878இல் பிராகு நகரின் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் மருத்துவர் ரிட்டர் ஃபான் ரிட்டர்ஷைன், பச்சிளங்குழந்தைகளின் தோல் வெந்நீர் பட்டாற்போல் உரியும் நோயைப் பதிவுசெய்தார். பத்தாண்டுகளில் அவர் கண்டவர்கள் 297 பேர். சீழில் திராட்சைக் குலைபோல் திரண்ட கிருமிகளை ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் விவரித்தது 1880களின் தொடக்கத்தில். இரண்டும் ஒரே கதை என்று உறுதிப்பட நெடுங்காலமாயிற்று. 1970இல் மெலிஷ், கிளாஸ்கோ இருவரும் புதிதாய்ப் பிறந்த சுண்டெலிகளில் அதே தோலுரிவை உண்டாக்கிக் காட்டினர். தோலை உரிக்கும் கிருமியின் நச்சு ஒரு புரோட்டியேஸ் என்பதும், மேல்தோல் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளைன்-1 புரதத்தை அது வெட்டுகிறது என்பதும் 2000இல் ஜப்பானின் அமகாய் குழுவினரால் தெளிவாயின. இதற்கிடையே 1972இல் கனடாவில் டிராப்போவும் உடன் உழைத்தவர்களும் இதே கிருமியின் வி8 வகையிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தனர். குளூட்டாமிக் அமிலத்தை அடுத்தே வெட்டும் அதன் துல்லியத்தால், நோயை விடவும் ஆய்வகப் புரதப் பகுப்பாய்வில்தான் அது பேர்பெற்றது.

தோலுரிக்கும் நச்சுகள் போக, பத்து நொதிகள் கணக்கில் உள்ளன. துத்தநாகம் கொண்ட ஆரியோலைசின். வி8 எனப்படும் எஸ்எஸ்பிஏ. ஸ்டாபோபெயின் ஏ, பி. எஸ்பிஎல் வரிசையில் ஆறு. ஆரியோலைசின் வி8 நொதியை வெட்டி விழிக்கவைக்கும், வி8 ஸ்டாபோபெயின் பி-யை விழிக்கவைக்கும். ஒட்டுமொத்தச் சுரப்பை, கிருமிகள் தம் எண்ணிக்கை பெருகியதை உணரும் ஏஜிஆர் கூட்டுணர்வு அமைப்பு தூண்டுகிறது, சார்-ஏ என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் அடக்குகிறது.

இவை கொல்லும் ஆயுதங்கள் என்பதைவிட, கிருமி இடம்பெயரவும் தப்பவும் உதவும் கருவிகள் என்று கொள்ளலாம். கிருமி திசுவில் ஒட்டிக்கொள்ளத் தானே வைத்திருக்கும் ஃபைப்ரோனெக்டின் பிணைப்புப் புரதத்தை வி8 அறுக்கிறது. நோயெதிர்ப்பில் பங்குள்ள சி3 புரதத்தை ஆரியோலைசின் சிதைக்கிறது. பத்தும் நீக்கப்பட்ட கிருமி மனித இரத்தத்தில் வளரத் திணறியதாகவும், எலிகளிலோ சாவு கூடியதாகவும் 2013இல் வெளியான ஆய்வு கண்டது. நொதிகள் இல்லாததால் கிருமியின் மற்ற நச்சுகள் வெட்டுப்படாமல் தப்பியதே காரணம்.



தோலில் அரிப்பைத் தூண்டுவதும் வி8 நொதியே என்பது 2023இல் தெரியவந்தது.