நீதியின் தராசில் ஏவலர்கள்

நியூரம்பர்க் விசாரணையை வரலாறு பயின்றோர் அறிவர். 1945 நவம்பர் 20ஆம் நாள் தொடங்கிய அப்பன்னாட்டு நீதிமன்றம், 1946 அக்டோபர் முதல் நாளன்று தீர்ப்புரைத்து முடித்தது. ஹிட்லரின் கூட்டாளிகளில் 12 பேருக்கு மரண தண்டனை. 7 பேருக்குச் சிறை. 3 பேருக்கு விடுதலை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் முதல் தலைவன் ருடால்ஃப் ஹோஸ், 1947 ஏப்ரலில் அம்முகாமிலேயே போலந்து அரசால் தூக்கிலிடப்பட்டான்.

இவர்களெல்லாம் ஆணையிட்டோர். ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்களை மாய்ப்பதற்கு ஆணையிட்ட வாய்கள் மட்டும் போதுமா? பெயர்ப் பட்டியலை எழுதிய கை எது? நச்சுவாயு அறையின் கதவைத் தாழிட்ட கை எது? மாண்டவரின் பணத்தை எண்ணிக் கணக்கு வைத்த கை எது? அக்கைகளுக்குரியோர் பல்லாயிரவர். போர் ஓய்ந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் வீடு திரும்பினர், தொழில் செய்தனர், நல்ல குடிமக்களெனப் பெயரெடுத்தனர்.

மேற்கு ஜெர்மனியோ பழையதை மறக்கவே விரும்பியது. 1949லும் 1954லும் பொதுமன்னிப்புச் சட்டங்கள் வந்தன. ஹிட்லர் காலத்து நீதிபதிகள் பலர் மீண்டும் நீதிபீடம் ஏறினர். யூதரின் குடியுரிமையைப் பறித்த இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை நாட்டின் தலைமை அமைச்சரது அலுவலகத்துக்கே தலைமை தாங்கினார். இத்தகைய நாட்டில் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பவர் யார்?

தேடினார் ஒருவர். அவர் பெயர் ஃபிரிட்ஸ் பவுவர். 1903ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, இளம் வயதிலேயே நீதிபதியானவர். 1933இல் நாஜிகள் அவரை வதைமுகாமில் அடைத்தனர். விடுதலையானபின் டென்மார்க்கிலும், பின்னர் ஸ்வீடனிலும் அகதியாக வாழ்ந்தார். 1949இல் தாயகம் திரும்பிய அவர், 1956இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் தலைமை அரசு வழக்குரைஞராக ஃபிராங்க்ஃபர்ட் நகரிற் பொறுப்பேற்றார்.

அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. யூதர்களை ரயிலேற்றிக் கொலைக்களங்களுக்கு அனுப்பிய அடால்ஃப் ஐக்மன் அங்கே ஒளிந்திருக்கிறான் எனப் பார்வையிழந்த யூத அகதி ஒருவர் எழுதியிருந்தார். தம் நாட்டு அதிகாரிகளிடம் இதனைக் கூறினால் ஐக்மனுக்கு எச்சரிக்கை போய்விடும் என்று பவுவர் அஞ்சினார். ஆகவே இஸ்ரேல் அரசுக்கு இரகசியமாக அறிவித்தார். அரசு ஊழியர் ஒருவருக்கு இது எத்துணை ஆபத்தான செயல் என்று சொல்லவும் வேண்டுமோ? 1960 மே மாதம் ஐக்மன் பிடிபட்டான், 1962இல் தூக்கிலேறினான். இதில் பவுவருக்கிருந்த பங்கு அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை.

ஆயினும் அவருடைய தலையாய பணி அதுவன்று. 1959ஆம் ஆண்டு பத்திரிகையாளர் ஒருவர் அவருக்குச் சில தாள்களை அனுப்பினார். போரின் இறுதியில் பிரெஸ்லாவ் நகரத்து நீதிமன்றக் கட்டடம் எரிந்தபோது மீட்கப்பட்டவை அவை. ஆஷ்விட்ஸ் கைதிகளைச் சுட்டுக் கொன்ற காவலர்களின் பெயர்கள் அவற்றில் முறையாகப் பதிவாகியிருந்தன! தீயிற் கருகாத அக்காகிதங்களிலிருந்து எழுந்ததே ஃபிராங்க்ஃபர்ட் ஆஷ்விட்ஸ் வழக்கு.

1963 டிசம்பர் 20ஆம் நாள் 22 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவன் மருந்துக்கடை நடத்தியவன். இன்னொருவன் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணியவன்! முந்நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பேசினர். அவர்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் முகாமிலிருந்து உயிர் தப்பியோர்.

இங்கேதான் சட்டத்தின் சிக்கல் எழுந்தது. ஆஷ்விட்ஸ் முழுவதும் ஒரே கொலை இயந்திரம்; அதன் எந்தச் சக்கரத்தைச் சுழற்றியவனும் கொலையிற் பங்காளியே என்பது பவுவரின் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. எவன், என்று, எவரைக் கொன்றான் அல்லது கொல்ல உதவினான் எனத் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டுமென்றது. 1965 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது கூண்டில் எஞ்சியிருந்த 20 பேரில் 17 பேர் தண்டிக்கப்பட்டனர். தம் கையால் வதைத்துக் கொன்ற போகர், கதுக் போன்றோருக்கு ஆயுள் தண்டனை. முகாம் தலைவனுக்கு அடுத்த நிலையிலிருந்து நிருவாகத்தை நடத்திய முல்காவுக்கோ, உடந்தை என்ற பெயரில் 14 ஆண்டுகளே! கை கறைபட்டவனுக்குப் பெருந்தண்டனை. கோப்பில் கையொப்பமிட்டவனுக்குச் சிறுதண்டனை. தராசின் தட்டு எப்பக்கம் சாய்ந்தது, பார்த்தீர்களா?

1968 ஜூலை முதல் நாள் பவுவர் காலமானார். மூன்றே மாதங்களில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமொன்றால், மேசையருகே அமர்ந்து கொலைக்குத் துணைபோனோர் பலரின் குற்றம் காலாவதியாயிற்று. மறு ஆண்டில், ஆஷ்விட்ஸில் பணிபுரிந்ததனால் மட்டும் ஒருவன் குற்றவாளியாகான் என்று உச்ச நீதிமன்றமும் உரைத்தது. கொலைக் குற்றத்துக்கான காலவரையறையை ஜெர்மன் நாடாளுமன்றம் 1979இல் அறவே நீக்கியது ஒன்றே ஆறுதல். அதனால் வாயில் அடைபடாது நின்றது.

அவ்வாயில் வழியே பவுவரின் வாதம் பிந்தி வந்து சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு, சோபிபோர் முகாமின் காவலன் தெம்யான்யுக், குறிப்பிட்ட ஒருவரைக் கொன்றான் என்ற சான்று இல்லாமலே, 28,060 கொலைகளுக்கு உடந்தை எனத் தண்டிக்கப்பட்டான். மேல்முறையீடு முடியுமுன் அவன் இறந்தான். 2015இல், ஆஷ்விட்ஸில் கைதிகளின் பணத்தை எண்ணிய கிரோனிங், 3,00,000 கொலைகளுக்கு உடந்தை எனத் தீர்ப்பாயிற்று; மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவனும் சிறை புகுமுன் மாண்டான். ஸ்டுட்ஹோஃப் முகாமில் தட்டெழுதிய பெண்ணொருத்தி 2022இல் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றாள். 2024இல் அத்தீர்ப்பும் உறுதியாயிற்று.

தள்ளாத கிழவரைத் தண்டித்துப் பயன் என்ன என்று வினவுவோர் உண்டு. பவுவர் பழிவாங்க வழக்காடவில்லை. தம் மக்கள் தம்மையே விசாரித்து அறிய வேண்டுமென்றே வழக்காடினார். "மேலோர் சொன்னார், நான் செய்தேன்" என்று தப்ப முயலும் ஒவ்வொரு ஏவலனுக்கும் அவ்வழக்கில் மறுமொழி இருக்கிறது. அம்மறுமொழியைச் சட்டமாக்க அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்குள் பல்லாயிரவர் தண்டனையின்றி மண்ணுக்குள் போயினர். ஏவலனும் தராசில் நிற்க வேண்டியவனே என்ற நியதி மட்டும் நிலைத்தது. அந்நியதிக்கு வித்திட்டவர், அதன் விளைவைக் காணாமலே மறைந்தார்.