வலியும் இசையும்

பல் வைத்தியரின் துளைக்கருவி இரையத் தொடங்கியதுமே, அது பல்லைத் தொடுமுன்பே, நாம் நடுங்குகிறோம். வலிக்கு முன்னோடி அச்சம்.

உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச்செய்யும் ஊசி வந்தபின், நோயாளி விழித்தபடியே சிகிச்சை பெறலானார். வலி நீங்கிற்று, அச்சம் நீங்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அறுவை வைத்தியர் இவான் ஓநீல் கேன் இதற்கொரு வழி கண்டார். சிகிச்சை அறையிலேயே கிராமபோனை இசைக்கச் செய்தார். 1914-இல் அதனை மருத்துவ ஏட்டில் எழுதவும் செய்தார். 1921-இல் தம் குடல்வாலைத் தாமே, விழித்திருந்தபடி, அறுத்தெடுத்தவரும் இவரே.

1959-இல் பல் வைத்தியர் கார்ட்னரும் செவிப்புல ஆய்வாளர் லிக்லைடரும் மற்றொரு முறையை வெளியிட்டனர். நோயாளியின் செவியில் இசையும், அருவி வீழ்வதுபோன்ற இரைச்சலும் ஒலிக்கும். ஓசையைக் கூட்டும் திருகு அவர் கையிலேயே இருக்கும். பலருக்கு ஊசியும் வேண்டியிருக்கவில்லை.

இது ஓசையின் ஆற்றல்தானா? 1963-இல் மெல்சாக் முதலிய மூவர், குளிர்நீரில் கையை வைத்திருக்கச் செய்து சோதித்தனர். ஓசை மட்டும் பயன் தரவில்லை. நம்பிக்கைச் சொல் மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே மக்கள் வலியை நெடுநேரம் பொறுத்தனர்.

ஆகவே இசை மருந்துக்கு மாற்றன்று, துணை. அதனுடன் மருத்துவரின் இன்சொல்லும் வேண்டும். மொழியறியா ஊரில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?