லேட்டும் அரியர்ஸும்

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2008 ஆகஸ்டில். ஆனால் கணக்கு 2006 ஜனவரி 1 முதல். இடைப்பட்ட மாதங்களின் பாக்கியை இரண்டு தவணையாகத் தந்தார்கள். முதலில் 40 சதவீதம், அடுத்த நிதியாண்டில் 60. மும்பையில் மத்திய அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கும் பென்ஷன் அரியர்ஸ் அப்படித்தான் வந்தது. நாற்பதை அவரே பாங்கில் போய் வாங்கினார். அறுபது வந்தபோது அவர் இல்லை. அம்மா கையெழுத்துப் போட வேண்டிய தாளில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று அடித்திருந்தது.

"பணம்தானேடா லேட்டா வந்தது? இவரை ஏன் லேட்டுங்கறான்?" என்று அம்மா கேட்டாள்.

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அகராதிகளைப் புரட்டத் தொடங்கியவன், காலங்கடந்தவற்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அரியர்ஸ். 'பின்னால்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கும் மூலம் லத்தீன் 'ரெட்ரோ'. பழைய சினிமாப் பாட்டை ரெட்ரோ என்கிறார்களே, அதே ரெட்ரோதான். ஊர்வலத்தில் நடக்க மாட்டாமல் பின்தங்கிவிட்ட ஆளைப் போல, பின்தங்கிவிட்ட பணம் அரியர்ஸ். தமிழில் இதற்கு நிலுவை என்கிறோம். 'நில்' என்பதிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் பணம் பின்னாலாவது நடந்து வருகிறது, தமிழில் நின்றே விடுகிறது! பாக்கி என்பது அரபிச் சொல். மராட்டியிலும் பாக்கிதான், ஆகவே மும்பைத் தமிழருக்கு மளிகைக் கடையில் மொழிச் சிக்கல் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தேறாத பாடத்துக்குப் பெயர் அரியர். மும்பைப் பிள்ளைகளுக்கு இது புரியாது. இங்கே ஏ.டி.கே.டி., அதாவது 'அலவ்ட் டு கீப் டெர்ம்ஸ்'. சுருக்கி 'கேடி' என்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன பேரன் "பாட்டி, எனக்கு ரெண்டு கேடி" என்று சொன்னால் திருநெல்வேலிப் பாட்டி பதறத்தானே செய்வாள்? நம் ஊர்க் கேடி போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்தவன், 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் சுருக்கம் என்பார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டெமரேஜ் என்ற சொல் தெரிந்திருக்கும். சரக்கை ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட காலத்துக்கு மேல் கப்பலைக் காக்க வைத்தால், அதை வாடகைக்கு எடுத்தவர் கொடுக்க வேண்டிய தொகை. ரயில்வேயில் வேகனை நிறுத்தி வைத்தாலும் டெமரேஜ்தான். இதன் வேரில் இருப்பது தாமதம் என்று பொருள்படும் லத்தீன் 'மோரா'. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளுக்கு மூன்று மாதம் மொரட்டோரியம் கொடுக்கலாம் என்று அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியதே, அந்த மொரட்டோரியமும் இதே குடும்பம்தான். ஒன்று தாமதத்துக்குத் தண்டம், மற்றது தாமதத்துக்கு அனுமதி. அனுமதித்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது என்பதைக் கடன் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெட்லைன் வேறு ஜாதி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் ஒரு சிறைமுகாம் திறந்தார்கள். மதிலுக்கு உள்பக்கம் சுமார் 19 அடி தள்ளி ஒரு தாழ்ந்த வேலி. அதைத் தாண்டினாலோ தொட்டாலோ காவலன் சுடுவான். அந்தக் கோட்டின் பெயர்தான் டெட்லைன். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் 13,000 பேர் வரை செத்துப்போனார்கள். பெரும்பாலும் சுட்டு அல்ல, பசியாலும் நோயாலும். 1865 நவம்பரில் முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் தூக்கிலிடப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இந்தச் சொல் செய்தி கொடுக்கும் கெடுவுக்கு ஆகிவந்தது. கெடு என்றதும் கெட்டுப்போவதோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் 'கடுவு' என்ற சொல் இருப்பதைப் பார்த்தால், அந்த முடிச்சை நான் போட மாட்டேன்.

இனி அம்மாவின் கேள்வி. பழைய ஆங்கிலத்தில் 'லேட்' என்றால் நேரம் கடந்தது என்பது முதற்பொருள் அல்ல. மெதுவான, மந்தமான என்பதே பொருள். மெதுவாக வருபவன் நேரம் கழித்துத்தானே வருவான்? அப்படிப் பொருள் நகர்ந்தது. 'லாஸ்ட்' என்பதும் இதன் உச்சநிலை வடிவமே. எல்லோரையும்விட லேட்டாக வந்தவன் லாஸ்ட். நம் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இல்லாமல் இவரைப் போகவிடுங்கள் என்று. அந்த 'லெட்' அனுமதி அல்ல, தடை. ஒருவனை லேட்டாக்குவது என்ற பழைய வினைச்சொல்லின் மிச்சம். வாசகத்தைச் சரியாகப் படிக்காமலே நாம் எத்தனை எல்லை தாண்டியிருக்கிறோம்!

'லேட்'டுக்குச் 'சமீபத்தில்' என்றும் ஒரு பொருள் உண்டு. 'லேட்லி' என்பதில் இருப்பது அதுதான். அண்மைவரை இன்னாருக்குக் கணவராக இருந்தவர் என்ற பொருளில் 15ஆம் நூற்றாண்டில் இறந்தவர் பெயருக்கு முன்னால் அது வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே ஆங்கிலேயன் லேட் ஷேக்ஸ்பியர் என்று எழுத மாட்டான். நம் அலுவலகப் படிவங்களில் மட்டும் முப்பது, நாற்பது வருஷம் ஆனாலும் அந்த லேட் உதிர்வதில்லை. தமிழ்ப் பத்திரங்களிலேயே தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'லேட்' என்று எழுதுகிறார்கள். நமக்குக் 'காலஞ்சென்ற' என்று நல்ல சொல் இருக்கிறது. அதிலும் காலம்தான் இருக்கிறது என்பது எனக்கு வியப்பு.

இதையெல்லாம் ஒரு நாள் சாவகாசமாக அம்மாவிடம் சொன்னேன். லத்தீனும் பிரெஞ்சும் அவள் காதில் ஏறவில்லை. கடைசிப் பகுதிக்கு மட்டும் நிமிர்ந்தாள்.

"அப்போ, இப்பத்தான் போனார்னு அர்த்தமா?"

"ஆமாம்மா."

ஒன்றும் சொல்லவில்லை. பாங்குத் தாளின் நகலை ரேஷன் கார்டு உறையிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தாள்.