அரிவாளின் வரலாறு

வாளுக்குப் பரணி உண்டு. வேலுக்குப் பாட்டு உண்டு. உழவன் குடிசையின் மூலையில் சாத்தப்பட்டிருக்கும் அரிவாளுக்கு என்ன உண்டு? துரு உண்டு! அந்த அரிவாளைக் கலை மண்டபத்திலே ஏற்றிவைத்தவர் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ்.

1867இல் பிறந்தவர், பெர்லின் தொழிலாளர் பகுதியிலே மருத்துவம் பார்த்தவரின் மனைவி. அவர் தேர்ந்தது அச்சோவியம். தகட்டிலே கோடு கீறி, அமிலத்தால் அரித்து, மை தடவித் தாளில் அழுத்தினால் ஒரு படம் பல படிகளாகும். மாளிகைச் சுவருக்கென ஒன்றே ஒன்று தீட்டும் கலையல்ல அது.

நெசவாளர் எழுச்சியை அவர் தீட்டியபோது, 1898இல் தேர்வுக்குழு பதக்கம் தரப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். மன்னர் மறுத்தார், கலைஞர் மனம் தளர்ந்தாரா? இல்லை. 1899இல் 'எழுச்சி' என்னும் படத்திலே நீண்ட காம்புடைய அரிவாளை உழவர் தோளில் ஏற்றினார். அடுத்து 'உழவர் போர்' என ஏழு படங்கள், 1908இல் முடித்தார்.

1524–25இல் நடந்த போர் அது. பண்ணையடிமை முறை ஒழிக, காட்டிலும் ஆற்றிலும் எமக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டனர் உழவர். மத சீர்திருத்தம் பேசிய மார்ட்டின் லூதரே அவர்களை வெட்டி வீழ்த்தும்படி எழுதினார். வீழ்த்தினர் பிரபுக்கள்.

முதற் படத்திலே மாடுகளுக்குப் பதில் மனிதரே ஏர் இழுக்கின்றனர். மூன்றாவதிலே ஒரு பெண் அரிவாளைத் தீட்டுகிறாள். அலகு முகத்தருகே, கண்கள் பாதி மூடியபடி. கதிர் அறுக்கவா தீட்டுகிறாள்? அன்று! ஐந்தாவதிலே கறுப்பு அன்னா இரு கரம் உயர்த்த, கூட்டம் அரிவாளோடு பாய்கிறது. ஆறாவதிலே நள்ளிரவு, பிணக்குவியலிடையே மகனைத் தேடும் தாயின் கையில் இருப்பது விளக்கு. இறுதிப் படத்திலே கயிறு மட்டுமே. சிறைப்பட்டோரைப் பிணித்த கயிறு.

விளக்கேந்திய தாயைத் தீட்டியது 1907இல். 1914இல், போருக்குத் தானே முன்வந்து சென்ற அவருடைய மகன் பீட்டர், பதினெட்டு வயதிலே களத்தில் மடிந்தான். மகன் செல்லத் தந்தை தயங்கியபோது இசையவைத்தவர் அந்தத் தாயே! ஏழாண்டுகளுக்கு முன் தாம் வரைந்த துயரமே வீடு தேடி வந்தது.

1924இல் 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' என்று அவர் அச்சிட்ட சுவரொட்டியிலும் ஒரு கை உயர்கிறது. அதிலே அரிவாள் இல்லை, உறுதிமொழி இருக்கிறது.

அடிமைத்தளை அறுக்க உயர்ந்த கருவிக்கும், ஆள்வோர் புகழுக்காக உயரும் வாளுக்கும் வேறுபாடு உண்டு. அதை அந்தத் தாய் மகனை இழந்து கற்றார். அவர் படங்களைப் பார்க்கும் நாம், இழக்காமலே கற்கலாம்.