பென்சில்வேனிய நீள்துப்பாக்கியும் அதன் கைவினைத் துணைக்கருவிகளும்

பென்சில்வேனிய நீள்துப்பாக்கி என்பது 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பகுதியில், உருவான வாய்வழி மருந்திடும் ரைபிள் ஆகும். செருமானிய, சுவிசு குடியேறிகளான துப்பாக்கிக் கொல்லர்கள் தம் தாயகத்தின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியை நீட்டி இதனை உருவாக்கினர். இதன் குழல் பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு மேல் நீளமுடையது. பின்னாளில் இது கென்டக்கி ரைபிள் என்றும் பெயர் பெற்றது.

துணைக்கருவிகள்

குழல்கள் கையால் செய்யப்பட்டதால் அவற்றின் உள்விட்டம் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. எனவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிய குண்டு வார்ப்பச்சைக் கொல்லரே செய்து கொடுத்தார். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவதால், வீட்டு நெருப்பிலேயே குண்டு வார்க்க முடிந்தது. அச்சு தொலைந்தால், பொருந்தும் குண்டு கிடைப்பது அரிதாயிற்று.

மற்ற பலவற்றை உரிமையாளரே செய்துகொண்டார். மாட்டுக் கொம்பின் அடியை மரக்கட்டையால் அடைத்து, நுனியில் துளையிட்டு மருந்துக் கொம்பு செய்யப்பட்டது. அதில் ஈரம் புகாது, தீப்பொறியும் எழாது. மான்கொம்பின் நுனியைக் குடைந்து மருந்தளவை செய்தனர். கொம்பிலிருந்து நேராகக் குழலில் மருந்து கொட்டுவது ஆபத்து; உள்ளே கனல் எஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் குண்டைச் சுற்றிக் கோலால் அழுத்தினர். இத்துணி குழலின் புரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழலச் செய்ததால் குறி தப்பவில்லை.

பராமரிப்பு

கருமருந்து ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் கொண்டது. எரிந்தபின் மிஞ்சும் உப்புக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். இக்கசடு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே குழலை முதலில் வெந்நீரால் கழுவி, நாரால் துடைத்து உலர்த்தி, அதன்பிறகே விலங்குக் கொழுப்பைப் பூசினர். தீ செல்லும் சிறு துளையைக் கம்பியால் குத்தித் துப்புரவு செய்தனர்.

வரலாற்றில் இடம்

1775 சூன் 14 அன்று அமெரிக்கக் கண்டப் பேரவை பத்து ரைபிள் படைப்பிரிவுகளைத் திரட்ட ஆணையிட்டது. 1777இல் சரடோகா போரில் டேனியல் மார்கனின் வீரர்கள் இத்துப்பாக்கியால் புகழ் பெற்றனர். எனினும் மசுகெட் வீரர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடும்போது, ரைபிள் வீரருக்கு ஒருமுறை மருந்திடவே ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தது. துப்பாக்கி முனையில் ஈட்டி பொருத்தவும் வழியில்லை. இதனால் பகைவர் நெருங்கும்போது அவர்களுக்கு மசுகெட் படையின் துணை தேவைப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்வழி ஏற்றும் துப்பாக்கிகளும் உலோகத் தோட்டாக்களும் பரவின. குண்டு வார்ப்பது அடுப்படியிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது.